பழி போட்டால் பராமரிப்பு நடந்துவிடாது

முதியோர் இல்லம் பெருகுவது சமூகத்துக்கு அவமானம் என்று பேசினால் காவிரிப் படுகையில் எந்த மேடையிலும் கைதட்டல் கிடைக்கும். பொங்கல் பட்டிமன்றத்தில், கோயில் திருவிழாச் சொற்பொழிவில், பள்ளி ஆண்டு விழாவில், கல்யாண வாழ்த்துரையில்கூட இதைக் கேட்டிருக்கிறோம். கூட்டுக் குடும்பம் இருந்தவரை பெரியவர்கள் மதிப்போடு வாழ்ந்தார்கள்; பிள்ளைகள் படித்துப் பட்டணம் போனார்கள், பாசத்தைத் தொலைத்தார்கள்; வெள்ளைக்காரன் வழக்கம் நம் ஊருக்குள் புகுந்துவிட்டது; முதியோர் இல்லமே இல்லாத தமிழ்நாடு வேண்டும். இதுதான் அந்தக் கதை. அதில் குற்றவாளி பெரும்பாலும் மருமகள். தீர்வு, பிள்ளைகள் மனம் திருந்துவது.

இந்தக் கதையை நான் முழுதாக மறுக்கிறேன். நினைவு தவறிக்கொண்டிருக்கும் முதியவர்கள் விஷயத்தில் இது கொடுமையில் போய் முடிகிறது. டெல்டாவுக்கு இன்று தேவைப்படுபவை எட்டு, பத்துப் பேர் மட்டும் தங்கும் சிறு பராமரிப்பு வீடுகள். வட்டத்துக்கு ஒன்றிரண்டாவது வேண்டும். அவை ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். ஊர்ச் சமையல் இருக்க வேண்டும். பயிற்சி பெற்று நல்ல சம்பளம் வாங்கும் உள்ளூர்ப் பெண்களும் ஆண்களும் அவற்றை நடத்த வேண்டும். அப்படிப்பட்ட வீடுகள் எழாமல் தடுப்பதில் பணத் தட்டுப்பாட்டுக்கு எவ்வளவு பங்குண்டோ, இந்த அவமானப் பேச்சுக்கும் அவ்வளவு பங்குண்டு.

முதலில் அந்தப் பொற்காலத்தைப் பார்ப்போம். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் 60 வயதைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 5.6 பேர். 2011இல் தமிழ்நாட்டில் இது 10.4. அரசின் மக்கள்தொகைக் கணிப்புக் குழு 2031இல் தமிழ்நாட்டுக்குச் சொல்லும் விகிதம் 18.2. இன்னொரு பக்கம், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டதையும், ஒரே மகள் தன் பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. மறதிநோய் வயது ஏற ஏறக் கூடுவது. எண்பதைத் தாண்டியவர் ஊருக்கு ஓரிருவராக இருந்த காலத்துக் குடும்பம் இந்தச் சோதனையைச் சந்தித்ததே அபூர்வம். எழுதாத தேர்வில் அதற்கு முதல் மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சிலரையும் பார்த்துக்கொண்டது யார்? குடும்பம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். குடும்பம் எழுந்து போய் மலம் துடைக்கவில்லை. பள்ளிக்கூடம் அனுப்பப்படாத பெண்கள் துடைத்தார்கள். பதினைந்து வயதில் வந்த மருமகள்கள் துடைத்தார்கள். இளம் வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டு அடுப்படியில் முடங்கிய அத்தைகள் துடைத்தார்கள். அவர்களுக்குக் கூலி இல்லை; முடியுமா என்று அவர்களைக் கேட்டவரும் இல்லை. அவர்களுடைய பேத்திகள் இன்று தஞ்சை குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரியில் படித்துவிட்டு வங்கியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேலை பார்க்கிறார்கள். பாசம் குறைந்துவிட்டது என்று மேடையில் புலம்புகிறவர்கள் உண்மையில் சொல்வது, அந்த இலவச உழைப்பு கிடைக்காமல் போய்விட்டது என்பதைத்தான். அது கிடைக்காமல் போனது நல்லது. அதைத் திரும்பக் கேட்பதற்குப் பண்பாடு என்று பெயர் சூட்ட வேண்டாம்.

அதிலும் இது நிலம் வைத்திருந்தவர் வீட்டுக் கதை. நாற்றுப் பறித்தும் நடவு நட்டும் முதுகு வளைந்த கூலிக்காரக் கிழவிக்குத் திண்ணையும் சாய்வு நாற்காலியும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கை ஓயும்வரை வயலில் நின்றாள். ஓய்ந்த பிறகு அறுத்த வயலில் உதிர்ந்த கதிர் பொறுக்கினாள். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. இந்த மண்ணில் ‘அந்தக் காலத்தில் பெரியவர்கள் எல்லாரும் மதிப்போடு வாழ்ந்தார்கள்’ என்று சொல்லும்போது ‘எல்லாரும்’ என்பதில் யார் யார் அடங்குவர் என்று கேட்டாக வேண்டும்.

இரண்டாவது வாதம், அன்பிருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம் என்பது. மறதிநோய் வந்தவரோடு ஓர் இரவு இருந்தவர்கள் இதைச் சொல்வதில்லை. பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் தொடங்கும். கதவைத் தட்டுவார்; கட்டிய மனைவியை யார் என்பார்; நகையைத் திருடிவிட்டாள் என்று மகள்மீது சொல்வார். சாப்பிட்ட பத்தாவது நிமிடத்தில், சோறு போடவில்லை என்று தெருவில் போகிறவரிடம் முறையிடுவார். பகலில் தூங்கி இரவில் நடப்பார். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்கால் வாய்க்காலாக வந்து சேரும் நாட்கள் ஊருக்கெல்லாம் மகிழ்ச்சியானவை. அந்த வீட்டாருக்கு அவை பயத்தின் நாட்கள். ஐம்பது ஆண்டு காலம் விடியற்காலையில் மடை பார்க்கப் போன கால், நினைவு போன பிறகும் மடையைத் தேடிப் போகும். வீட்டைச் சுற்றி வாய்க்கால், குளம், படித்துறை, ரயில் பாதை.

இதைத் தாங்க முடியாதபோது குடும்பங்கள் என்ன செய்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும், வெளியே பேசுவதில்லை. அறையை வெளியே தாழிடுகிறார்கள். கட்டிலோடு புடவையால் கட்டுகிறார்கள். தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். தண்ணீர் குடித்தால் அடிக்கடி நனைப்பார் என்று தண்ணீரைக் குறைக்கிறார்கள். இவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் மூட்டுவலியும் சர்க்கரையும் உள்ள அறுபத்தைந்து, எழுபது வயது மனைவியோ, மாதக்கணக்கில் தூங்காத மகளோதான். மருத்துவமனையில் செவிலியர்களே முறை மாற்றி எட்டு மணி நேரம் பார்க்கிற வேலையை ஒருத்தி 24 மணி நேரமும், வருடம் 365 நாளும் பார்க்கிறாள். இதில் குறைவது அன்பு இல்லை, கை. கை குறைந்த இடத்தில் அன்பும் கசந்துபோகும். அந்தக் கசப்பை நாள் முழுவதும் அனுபவிப்பவர், வாய்விட்டுச் சொல்லத் தெரியாத அந்த முதியவர்.

இது ஏதோ சில வீடுகளின் துயரம் அல்ல. இந்திய முதுமை குறித்த நீண்டகால ஆய்வின் கிளையாக நடந்து 2023இல் வெளிவந்த மதிப்பீடு, 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதிநோய் என்கிறது. நாடு முழுவதும் சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம் என்றும் அதே ஆய்வு காட்டுகிறது. 2011இல் தஞ்சாவூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 24 லட்சம். மாநில முதியோர் விகிதமும் இந்தத் தேசிய நோய் விகிதமும் இங்கும் பொருந்தும் என்று கொண்டால், அந்தப் பழைய தொகைக்கே இந்த ஒரு மாவட்டத்தில் 18 ஆயிரம் பேர் வருகிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் தங்கும் இல்லம் தேவையில்லை. பலரை நல்ல துணையோடு வீட்டிலேயே பார்க்க முடியும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, விழுந்து அடிபட்டு மூளையுறையில் தங்கிய ரத்தம் ஆகியவையும் மறதியாக வெளிப்படும். பரிசோதித்துப் பார்த்தால் சிலருக்குக் குணமாக வழியுண்டு. ஆனால் அவமானம் பரிசோதனைக்கும் முட்டுக்கட்டை போடுகிறது. ‘வயசானா அப்படித்தான்’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

அடுத்து, மகன் இருக்கும் சென்னைக்கோ பெங்களூருக்கோ அழைத்துப் போவதே முறை என்பார்கள். ஊர் இதைப் பாராட்டும். அந்த முதியவருக்கு நேர்வது வேறு. ஒரத்தநாட்டுப் பக்கம் வாழ்நாள் முழுதும் கொல்லையும் கிணற்றடியும் தெருவுமாகப் பழகியவரை ஏழாவது மாடியில் கொண்டுபோய் வைக்கிறோம். கழிப்பறை எந்தப் பக்கம் என்பது புதிது. சன்னலுக்கு வெளியே தெரிகிற எதுவும் அவருக்கு அடையாளம் சொல்வதில்லை. புதியதைக் கற்றுக்கொள்ளும் திறன்தான் இந்த நோயில் முதலில் போவது. அந்தத் திறனை இழந்தவரிடம் ஊர், வீடு, மொழிவழக்கு, சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொள்ளச் சொல்கிறோம். மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால், ஏஜென்சி அனுப்பிய, மாதந்தோறும் மாறுகிற ஓர் ஆளோடு அவர் பூட்டிய கதவுக்குள் இருப்பார். இது குடும்பப் பராமரிப்பு என்று எண்ணப்படுகிறது. சொந்த ஊரில், தன் பேச்சு பேசுகிறவர்கள் நடுவில், தெரிந்த கோயில் மணி காதில் விழும் தூரத்தில் ஒரு சிறு வீட்டில் இருந்தால் மட்டும் ‘கொண்டுபோய்த் தள்ளிட்டாங்க’ என்று பேச்சு வரும்.

மறதிநோய் கண்டவர்கள் மாலையானால் ‘வீட்டுக்குப் போகணும்’ என்பார்கள். தான் கட்டிய வீட்டின் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே அப்படிச் சொல்வார்கள். பராமரிப்பவர்கள் அனைவரும் அறிந்தது இது. அவர்கள் கேட்பது சுவரையும் பட்டாவையும் அல்ல. பயமில்லாமல் இருக்க ஓர் இடத்தை, தெரிந்த முகத்தை, தன் கைக்கு ஒரு வேலையை. பேர் மறந்த பிறகும் கைக்கு நெடுநாள் நினைவிருக்கும். கீரை ஆயலாம், பூத் தொடுக்கலாம், கீற்று முடையலாம், வெற்றிலை அடுக்கலாம், முறத்தில் அரிசி புடைக்கலாம். எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் இதெல்லாம் அன்றாட வேலையாகவே நடக்கும். ஒவ்வொருவருக்கும் எது பிடிக்கும், யார் எப்போது கழிப்பறைக்கு எழுவார், யாருக்குக் குழைந்த சோறு, யாருக்கு எந்தப் பாட்டுப் போட்டால் பதற்றம் தணியும் என்பது பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய கட்டடத்தில் இது நடவாது.

இங்கே அரசின் எண்ணத்தையும் மறுக்க வேண்டியிருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது வேண்டும் என்கிறது. அதில் குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்க இடம் இருக்க வேண்டும் என்கிறது. அக்கறையோடு எழுதிய விதிதான், அளவு தவறு. 150 பேர் உள்ள கூடத்தில் நினைவு தவறியவருக்குக் கிடைப்பது இரைச்சலும் குழப்பமும். மறதிநோய் உள்ளவர்களுக்கான இல்லங்களுக்கு நிதி தரும் மத்திய அரசின் திட்டம்கூடக் குறைந்தது 20 பேரைக் கேட்கிறது. ஜப்பானில் மறதிநோய்க்கான குழு வீடுகளில் ஓர் அலகில் 5 முதல் 9 பேர் மட்டுமே இருக்கிறார்கள். நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009இல் எழுந்த ஹோகவேய்க் குடியிருப்பில் வீட்டுக்கு ஆறேழு பேர். சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து டூபலோ நகரில் 2003இல் தொடங்கிய ‘பசுமை வீடு’ முயற்சியில் பத்துப் பன்னிரண்டு பேர். பணக்கார நாடுகள் பெரிய இல்லங்களைக் கட்டி, அவற்றில் மனிதர்கள் வாடுவதைப் பார்த்த பிறகு சிறு வீட்டுக்குத் திரும்பின. நாம் அந்தத் தவறான பாதையில் ஒருமுறை போய்வர வேண்டிய அவசியமில்லை.

சிறு அளவும் நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஓர் ஆதுலர் சாலையை விவரிக்கிறது. கட்டில்கள் 15. வைத்தியர், அறுவை செய்பவர், மருந்து சேகரிப்போர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர் என்று ஆட்களைக் கணக்கிட்டு, ஒவ்வொருவருக்கும் நெல்லும் காசுமாக ஊதியம் குறித்திருக்கிறார்கள். தஞ்சையிலேயே இராசராசனின் தமக்கை குந்தவை, தந்தை சுந்தர சோழன் பெயரில் ஆதுலர் சாலை அமைத்து நிலம் விட்டாள். சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்ட் டோரினுக்கு எழுதிய கடிதம் இராமேசுவரம் செல்லும் வழியில் இருந்த சத்திரங்களைப் பற்றிப் பேசுகிறது: நடக்க முடியாமல் நோயில் விழுந்த வழிப்போக்கருக்கு அங்கே குணமாகும்வரை சோறும் மருந்தும் வைத்தியமும் உண்டு, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஆதரவுண்டு, பேறுகாலப் பெண்களுக்குக் கவனிப்புண்டு. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஏற்பாட்டின் அளவு விளங்கும். உறவல்லாதவர் உறவல்லாதவரை, ஊதியம் வாங்கிக்கொண்டு, ஒழுங்கான ஏற்பாட்டில் பார்த்துக்கொள்வது மேற்கிலிருந்து வந்த நோய் என்று தஞ்சையில் நின்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்விகள் இரண்டுதான். அவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று, பாதுகாப்பு. நான்கு சுவருக்குள், பேச முடியாதவர்களை வைத்துக்கொண்டு நடத்தும் தனியார் வீடு கொடுமைக் கூடமாக மாறாதா? மாறும், கண்காணிப்பு இல்லாவிட்டால். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் பள்ளிக்கூடத் தீயில் போனார்கள். விதி இருந்தும் எட்டிப் பார்க்க ஆளில்லாத கட்டடம் என்ன செய்யும் என்பதை இந்த மண் தன் பிள்ளைகளைக் கொடுத்துக் கற்றிருக்கிறது. பள்ளித் தீக்குப் பிறகு பள்ளிகளே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கூரையை மாற்றச் சொன்னோம், வாசலை அகலமாக்கச் சொன்னோம். இங்கும் அதுவே வழி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நினைவாற்றல் பாதிப்பையும் மனநோய் வரையறைக்குள் கொண்டுவருகிறது; சங்கிலியிடுவதை அறவே தடுக்கிறது; அத்தகையவர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. இதைச் சிறு வீடுகளுக்கு ஏற்றபடி எளிதாகவும் கறாராகவும் நடைமுறைப்படுத்த வேண்டும். தரைத்தளம், இரண்டு வாசல், சறுக்காத தரை, இரவில் விழித்திருக்கும் ஓர் ஆள், மாதம் ஒருமுறை மருத்துவர், சொல்லாமல் வந்து பார்க்கும் குழு. சிறு வீடு ஊர் நடுவில் இருப்பதே ஒரு காவல். பூ விற்கிறவரும் பால் ஊற்றுகிறவரும் தினம் வந்துபோகும் வீட்டில் ஒருவரைக் கட்டி வைப்பது எளிதல்ல. ஊரே அவமானமாக நினைத்து ஊருக்கு வெளியே தள்ளிய இல்லத்தில்தான் அது எளிது.

இரண்டு, பணம். எட்டுப் பேர் உள்ள வீட்டுக்குப் பகலில் இருவர், இரவில் ஒருவர், சமையலுக்கு ஒருவர், விடுப்பு எடுப்பவருக்கு மாற்றாக ஒருவர் என ஐந்து பேர் வேண்டும். ஆளுக்கு 15 ஆயிரம் சம்பளம் என்றால் 75 ஆயிரம். வாடகை, சாப்பாடு, மின்சாரம், சலவை, டயபர், மருத்துவர் எல்லாம் சேர்த்து 60 ஆயிரம் என்று வைத்தால், தலைக்கு மாதம் 17 ஆயிரம் வருகிறது. முதியோர் உதவித்தொகையை 2023இல் தமிழ்நாடு அரசு 1,200 ரூபாயாக உயர்த்தியது. 2007 சட்டம் பிள்ளைகளிடமிருந்து பெற்றுத்தரக்கூடிய ஜீவனாம்சத்தின் உச்சவரம்பு மாதம் 10 ஆயிரம். வெளிநாட்டில் மகன் இருக்கும் வீட்டுக்கு 17 ஆயிரம் கட்டும். நடவுக் கூலிக்காரக் குடும்பத்துக்குக் கனவிலும் கட்டாது. ஆகவே இதைச் சந்தையிடம் விட்டுவிடக் கூடாது. வீட்டில் பாதி இடத்துக்கு அரசு பணம் கட்டட்டும். மீதிப் பாதிக்குக் குடும்பங்கள் கட்டட்டும். எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடட்டும். இங்கே சாதியைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. தனித் தெரு, தனிச் சமையல் என்று இந்த வீடுகளும் பிரிந்தால் முதுமையிலும் பழைய பண்ணையையே மறுபடி கட்டுகிறோம். குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலைக்கு வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருவிலிருந்து வருவார்கள் என்பது டெல்டாவில் யாருக்கும் தெரியாததல்ல. அவர்களுக்கு முறையான பயிற்சி, சான்றிதழ், சேமநல நிதி, மரியாதையான பெயர் எல்லாம் கிடைத்தால்தான் இது புதிய ஏற்பாடு.

இதற்கான பொருள் நம்மிடம் சிதறிக் கிடக்கிறது. ஊர் ஊராகப் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடுகள் உள்ளன. 1959இல் தொடங்கிய தஞ்சை மருத்துவக் கல்லூரி உள்ளது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீடு வீடாகச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை கொண்டுபோகும் பெண்கள் இருக்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் அதே திட்டத்தில் உண்டு. எந்த வீட்டில் யார் நினைவு தவறியிருக்கிறார் என்பதை முதலில் அறியக்கூடியவர்கள் அந்தப் பெண்கள்தான். சென்னை கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை நல்ல செய்தி. ஆனால் திருத்துறைப்பூண்டியில் இருக்கும் மறதிநோயாளிக்கு அது முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

பிள்ளைகளின் கடமை என்னாகும் என்று கேட்பார்கள். கடமை அப்படியே இருக்கிறது. முதியவரை முற்றாகக் கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை விதிக்கலாம் என்கிறது 2007 சட்டம், அது இருக்கட்டும். நல்ல வீட்டில் சேர்த்து, செலவில் பங்கேற்று, வாரம் தவறாமல் போய் அருகில் உட்கார்ந்து, தலை வாரிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மகள் கைவிட்டவள் அல்லள். சோர்வில் கத்தாமல், தூங்கி எழுந்த முகத்தோடு தாயைப் பார்க்க அவளுக்கு அப்போதுதான் முடிகிறது. இடுப்பொடிய வேலை செய்தால்தான் பாசம் மெய்ப்படும் என்பது பெண்களுக்கு மட்டும் நாம் வைத்த விதி. மாதம் பணம் அனுப்பும் மகனிடம் யாரும் அந்தச் சான்று கேட்டதில்லை.

ஆகவே மேடையில் பேசுகிறவர்களிடம் என் கோரிக்கை: முதியோர் இல்லம் இல்லாத தமிழ்நாடு வேண்டும் என்று இனி முழங்காதீர்கள். அந்த முழக்கம் ஒரு முதியவருக்கும் ஒரு வேளைச் சோறு ஊட்டியதில்லை. எத்தனையோ வீடுகளில் உள்தாழ்ப்பாளை வெளித்தாழ்ப்பாளாக மாற்றியிருக்கிறது. பாபநாசத்தில், மன்னார்குடியில், பட்டுக்கோட்டையில், சீர்காழியில் பூட்டிய ஓட்டு வீடு ஒன்றைத் திறந்து எட்டுக் கட்டில் போட இந்த ஆண்டு யார் பணம் தருவார்கள், யார் பயிற்சி தருவார்கள், யார் வந்து பரிசோதிப்பார்கள் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் அதே ஒலிபெருக்கியில் கேளுங்கள். அதற்குக் கைதட்டல் குறைவாக வரலாம். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையை இந்த ஊர் நிறைவேற்றுவது அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான்.